கேம் மாஸ்டரின் கருவிகள்: வடசென்னை நண்பர்களுக்கான கேள்வி பதில்

வடசென்னையில் பாத்திர ஆட்டங்களை (ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று ஆடும் கதை ஆட்டங்களை) இணையத்தில் ஆடும் குழுக்களில் புதிதாகக் கேம் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், என்ற பொறுப்பை ஏற்றிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இப்படி ஆடுவதற்கான வரைபடத்தையும் பகடையையும் திரையில் தரும் மென்பொருள்களில் எனக்கு நன்கு பழக்கமானவை ரோல்20, ஃபவுண்ட்ரி ஆகிய இரண்டே என்பதால் பதில்கள் பெரும்பாலும் அவற்றைச் சுற்றியே இருக்கும்.

பெரம்பூர்: அக்கா, முதன்முறையாக ஆட்டம் நடத்தப்போகிறேன். எந்த மென்பொருளில் தொடங்கலாம்?

செலவில்லாமல் பழக வேண்டுமென்றால் ரோல்20. அது 2012 முதல் இருக்கிறது, உலாவியிலேயே இயங்குகிறது, எதையும் நிறுவ வேண்டியதில்லை. 2020 மே மாதம் வெளியான ஃபவுண்ட்ரியை ஒருமுறை விலை கொடுத்து வாங்க வேண்டும். கேம் மாஸ்டர் ஒருவர் வாங்கினால் போதும், மற்றவர்கள் உலாவி வழியாக வந்துவிடலாம். ஆனால் அது உங்கள் கணினியிலோ வாடகைச் சர்வரிலோ ஓட வேண்டும் என்பதால் வலைப்பின்னல் வேலையும் உங்கள் தலையில் விழும். வரைபடத்தின் மீது டோக்கன்களை (பாத்திரங்களைக் குறிக்கும் காய்களை) நகர்த்தினாலே போதும் என்பவர்களுக்கு ஓல்பேர் ரோடியோ எளிது.

காசிமேடு: மீன்பிடித் துறைமுகத்தை வரைபடமாக்கி, ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் கடத்தல்காரர்களை மறைத்து வைத்திருந்தேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எங்கே தவறினேன்?

கேம் மாஸ்டரின் திரையும் ஆட்டக்காரரின் திரையும் ஒன்றல்ல என்பதுதான் இந்த மென்பொருள்களின் அடிப்படை. மறைக்கப்பட்ட டோக்கனும் உங்களுக்குத் தெரிந்துகொண்டேதான் இருக்கும். ஆகையால் உங்கள் திரையைப் பார்த்து எதையும் முடிவு செய்ய இயலாது. ரோல்20-இல் வரைபடத்துக்கு ஒரு லேயர் (அடுக்கு), டோக்கன்களுக்கு ஒரு லேயர், கேம் மாஸ்டருக்கு மட்டும் தெரியும் லேயர் ஒன்று எனத் தனித்தனியாக உள்ளன. பதுங்கியிருப்பவர்களைக் கேம் மாஸ்டர் லேயரில்தான் வைக்க வேண்டும். அடுத்த டோக்கனை இழுத்துப் போடும்போது எந்த லேயரில் நிற்கிறோம் என்று பார்க்காமல் போடுவதால்தான் பெரும்பாலான இரகசியங்கள் வெளியாகின்றன.

ஃபவுண்ட்ரியில் டோக்கனை வலது சொடுக்கினால் வரும் குறிகளில் மறைப்பதற்கு ஒன்று இருக்கிறது. ஆனால் சண்டையில் யாருடைய முறை என்று காட்டும் பட்டியலில் பெயரை மறைப்பதற்கு வேறொரு கண் குறி உண்டு. டோக்கனை மறைத்துவிட்டுப் பட்டியலை மறந்தால், படகில் ஆள் இல்லை, பட்டியலில் பெயர் இருக்கிறது என்ற நிலை ஏற்படும். பகடையை எல்லோருக்கும் தெரியும்படி உருட்டினாலும் உரையாடல் பகுதியில் பெயர் வந்துவிடும். உருட்டும் முறையைக் கேம் மாஸ்டருக்கு மட்டும் என்று முன்பே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது: ஆட்டத்துக்கு முன்பு ஆட்டக்காரராக உள்ளே நுழைந்து பாருங்கள். ரோல்20-இல் ஆட்டக்காரராக மீண்டும் நுழையும் வசதி அமைப்புகளிலேயே உள்ளது. ஃபவுண்ட்ரியில் சோதனைக்கென ஓர் ஆட்டக்காரர் கணக்கை உருவாக்கி, வேறோர் உலாவியில் திறந்து, அதற்கு ஒரு பாத்திரத்தின் உரிமையைக் கொடுத்து, துறைமுகம் முழுவதும் நடக்கவிட்டுப் பாருங்கள்.

வியாசர்பாடி: ஒரு வரைபடத்தில் ஆட்டம் நடக்கும்போதே அடுத்ததை நான் தயார் செய்ய முடியுமா?

முடியும். ஃபவுண்ட்ரியில் ஒரு காட்சியை (ஒரு வரைபடமும் அதன் டோக்கன்களும் உள்ள பக்கத்தை) பார்ப்பது வேறு, இயக்குவது வேறு. பார்த்தால் நீங்கள் மட்டும் போவீர்கள். இயக்கினால் எல்லோரும் அங்கே வந்துவிடுவார்கள். ரோல்20-இல் ஆட்டக்காரர் பட்டை எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கத்தைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். ஒருவரை மட்டும் பிரித்து வேறு பக்கத்துக்கு அனுப்பவும் வழி உண்டு.

திருவொற்றியூர்: ஃபவுண்ட்ரிக்காக ரவுட்டரில் 30000-ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டேன். வீட்டில் வேலை செய்கிறது, ஆனால் மணலியில் இருக்கும் நண்பரால் வர முடியவில்லை.

பெரும்பாலும் குற்றம் உங்கள் மீது இல்லை. பல வீட்டு இணைப்புகளில், சேவை தருபவர் ஒரே பொது ஐ.பி. முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார். அப்படியிருந்தால் உங்கள் ரவுட்டரில் போர்ட் என்ற எந்தக் கதவைத் திறந்தாலும், அதற்கு வெளியே அவருடைய கதவு மூடியே இருக்கும். ரவுட்டரின் பக்கத்துக்குள் சென்று வெளிப்புற முகவரியைக் குறித்துக்கொண்டு, ஐ.பி. முகவரியைக் காட்டும் ஏதேனும் இணையதளத்தில் தெரியும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறுபட்டால், அதிலும் ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்ணாக இருந்தால், சிக்கல் இதுதான். சேவை தருபவரிடம் நிலையான பொது முகவரியைக் கேட்கலாம். அதற்குத் தனிக் கட்டணம் இருக்கக்கூடும். இல்லையென்றால் வெளியிலிருந்து உங்கள் கணினிக்கு வேறு வழி அமைக்கும் சுரங்கவழி இணைப்புச் சேவை ஒன்றையோ வாடகைச் சர்வரையோ பயன்படுத்தலாம். போர்ட்டை மறுபடி மறுபடி திறந்து மூடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கொடுங்கையூர்: காட்சியை மாற்றினால் ஆட்டக்காரர்களுக்கு ஒரு நிமிடத்துக்கும் மேலாகக் கறுப்புத் திரைதான் தெரிகிறது.

வரைபடம் 20 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேருக்கு அது 100 மெகாபைட், அதாவது 800 மெகாபிட். உங்கள் பதிவேற்ற வேகம் நொடிக்கு 10 மெகாபிட் என்றால் 80 நொடிகள் ஆகும். படத்தை வெப்பி (WebP) என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்றினால் பல மடங்கு சுருங்கும். காட்சியை முன்கூட்டியே அனுப்பி வைக்கும் வசதியும் ஃபவுண்ட்ரியில் இருக்கிறது.

தண்டையார்பேட்டை: எந்த மென்பொருள் நல்லது?

பெரம்பூர் நண்பருக்கு எழுதியதைப் படியுங்கள்.

ராயபுரம்: எங்கள் பழைய இரயில் நிலையத்தை ஆட்டக்களமாக வரைந்திருக்கிறேன். தூண்கள், கம்பிச் சன்னல்கள், பூட்டிய அறைகள் எல்லாம் உண்டு. சுவர்களை எப்படிப் போடுவது?

இப்படியொரு கேள்வி வராதா என்று காத்திருந்தேன். 1856-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம், தூண் வரிசைக்குப் பின்னால் நிழல் விழும் அமைப்பினாலேயே, ஒளியையும் மறைப்பையும் கற்க மிகப் பொருத்தமானது.

முதலில் அளவு. ஒரு கட்டம் 5 அடி என்பது பரவலான வழக்கம். நடைமேடை 300 அடி என்று வைத்துக்கொண்டால் 60 கட்டங்கள். ஃபவுண்ட்ரியின் இயல்பு அளவான கட்டத்துக்கு 100 பிக்சலில் அதன் நீளம் 6000 பிக்சல். கொடுங்கையூர் நண்பரின் கதி உங்களுக்கும் வராதிருக்க, நிலையத்தை இரண்டு காட்சிகளாகப் பிரியுங்கள்.

மென்பொருளில் சுவர் என்பது பார்வையையோ நடையையோ தடுக்க வரைபடத்தின் மீது வரையும் கோடு. வெளிச்சுவர்களுக்குச் சாதாரணச் சுவர் போதும். கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி வரைந்தால் ஒரு சுவரின் முடிவிலேயே அடுத்தது தொடங்கும்; மூலைகளில் இடைவெளி விழாது. மயிரிழை இடைவெளி இருந்தாலும் பார்வை கசிந்து, பூட்டிய அறைக்குள் இருப்பது நடைமேடையிலிருந்தே தெரிந்துவிடும். கம்பிச் சன்னலுக்குக் கண்ணுக்குத் தெரியாத சுவரைப் போடுங்கள். அதன் வழியே பார்க்கலாம், போக முடியாது. திரைச்சீலைக்கு நேரெதிரான வகை: போகலாம், பார்க்க முடியாது. தூணைச் சுற்றி நிலப்பரப்புச் சுவரைப் போட்டால் தூண் கண்ணுக்குத் தெரியும், அதன் பின்னால் நிற்பவர் தெரியமாட்டார். இரகசியக் கதவு ஆட்டக்காரருக்கு வெறும் சுவராகவே இருக்கும். பிறகு ஆட்டக்காரர் கணக்கில் நுழைந்து ஒவ்வோர் அறையிலும் நின்று பாருங்கள்.

மூலக்கடை: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு சுவர் போடுவது வீண் வேலை. வரைபடத்தை மறைத்திருக்கும் மூடுபனியைப் பகுதி பகுதியாகக் கையால் விலக்கினாலே போதும். யாருக்கு எது தெரியும் என்று மென்பொருளே கணக்கிடும் ஒளி அமைப்பு வந்த பிறகு ஆட்டக்காரர்கள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, டோக்கனைக் கட்டம் கட்டமாக நகர்த்தி மூலைமுடுக்கைத் தேடுகிறார்கள்.

நீங்கள் சொல்லும் குறை உண்மையானது. அதற்குக் காரணம் ஒளி அமைப்பு என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. ஆட்டத்தை நிறுத்தி வைக்காமல் திரையை அவர்களிடம் விட்டுவிடுவதே காரணம். ஃபவுண்ட்ரியில் ஸ்பேஸ் விசையை அழுத்தினால் ஆட்டம் நிற்கும்; அவர்களால் டோக்கனை நகர்த்த முடியாது. ஓர் அறைக்குள் நுழைந்ததும் நிறுத்துங்கள், விவரியுங்கள், என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள், பிறகு விடுங்கள்.

புளியந்தோப்பு: மூலக்கடை நண்பர் சொல்வதே சரி. எங்கள் குழுவில் பாதிப் பேர் கைப்பேசியிலிருந்துதான் ஆடுகிறார்கள். ஒளிக் கணக்கீடு அவர்கள் கருவியைத் திணறடிக்கிறது.

இது வலுவான வாதம். ஃபவுண்ட்ரி கணினித் திரைக்காக அமைக்கப்பட்டது; கைப்பேசியில் வரும் ஆட்டக்காரரை வாட்டி வதைத்து ஒளி காட்டுவதில் பொருளில்லை. அந்தக் குழுவுக்குக் கையால் விலக்கும் மூடுபனியே சிறந்தது. ரோல்20-இல் அது இலவசக் கணக்கிலேயே உண்டு. தானியங்கும் ஒளி அமைப்புக்குத்தான் கேம் மாஸ்டர் சந்தா கட்ட வேண்டும். பகல் நேரச் சந்தைக் காட்சிக்கு யாருக்குமே சுவர் தேவையில்லை. ஆனால் ஒரே ஒரு விளக்குடன் நான்கு பேர் இருட்டில் பிரிந்து நிற்கும்போது, விளக்கு இல்லாதவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாமல் இருப்பதைக் கையால் விலக்கும் மூடுபனியால் தர இயலாது. அதில் எல்லோருக்கும் ஒரே பார்வைதான். இருட்டு ஆட்டத்தை மாற்றுகிற இடத்தில் மட்டும் சுவர் போடுங்கள் என்பதே என் நிலை.

பழைய வண்ணாரப்பேட்டை: ஒரு காவலாளியை அடித்தால் ஐந்து காவலாளிகளுக்கும் உயிர்ப்புள்ளி குறைகிறது.

ஐந்து டோக்கன்களும் ஒரே பாத்திரத் தாளோடு (பாத்திரத்தின் விவரங்களும் புள்ளிகளும் உள்ள பக்கத்தோடு) இணைந்திருக்கின்றன. ஃபவுண்ட்ரியில் மாதிரி டோக்கனின் அமைப்பில் பாத்திரத் தரவோடு இணைக்கும் தேர்வை எடுத்துவிட்டு, டோக்கன்களைப் புதிதாக இழுத்துப் போடுங்கள். ரோல்20-இல் உயிர்ப்புள்ளிப் பட்டையைத் தாளின் எந்தப் பண்போடும் இணைக்காதீர்கள். ஆட்டக்காரர்களின் பாத்திரங்களுக்கும் தனித்த பகைவனுக்கும் மட்டும் இணைப்பு இருக்கட்டும்.

எண்ணூர்: புதிய பதிப்புக்கு மாற்றிய பிறகு பாதித் துணை நிரல்கள் வேலை செய்யவில்லை. பழைய நிலைக்குத் திரும்பலாமா?

பழைய தரவுக் கோப்புறையின் நகல் இருந்தால் திரும்பலாம். இல்லையென்றால் துணை நிரல்களை உருவாக்கியவர்கள் புதுப்பிக்கும் வரை காத்திருக்க வேண்டும். படிக்கும் மற்றவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்: ஆட்டத்துக்கு முந்தைய நாள் எந்தப் புதுப்பிப்பையும் தொடாதீர்கள், நகல் எடுக்காமல் எந்த நாளிலும் தொடாதீர்கள்.

மாதவரம்: போர்ட்டைத் திறந்தும் நண்பர்களால் வர முடியவில்லை.

திருவொற்றியூர் பதிலில் எல்லாம் இருக்கிறது. எண்களை ஒப்பிட்டுப் பார்க்காமல் மறுபடி கேட்க வேண்டாம்.

கொருக்குப்பேட்டை: மந்திரவாதிக்கு இரண்டாம் நிலையில் எத்தனை மந்திரங்கள்?

விதிநூலைப் பாருங்கள், இங்கே கருவிகள் பற்றி மட்டுமே.

ராயபுரம்: ஆட்டக்காரராக நுழைந்து பார்த்தேன். நிலைய மேலாளர் அறையின் கதவு திறக்காமலேயே உள்ளே தெரிகிறது.

கதவுக்கும் பக்கத்துச் சுவருக்கும் இடையே முனைகள் ஒட்டவில்லை. சுவர்க் கருவியை எடுத்துக் கதவின் முனையை இழுத்துச் சுவரின் முனைமீது விடுங்கள். இரண்டு புள்ளிகளும் ஒன்றாகிவிடும். கதவின் இரு பக்கங்களிலும் இதைச் செய்துவிட்டு, ஆட்டக்காரர் கணக்கில் அறைக்கு வெளியே நான்கு பக்கமும் நின்று மறுபடி பாருங்கள்.