பதிவு செய்வது அவிசுவாசமா?

கேள்வி: என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, ஒன்றரை ஆண்டாக டயாலிசிஸ் நடக்கிறது. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்யும்படி மருத்துவர் சொல்கிறார். சபையில் சிலரோ, "இது கர்த்தருடைய சித்தம், முறுமுறுக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். பதிவு செய்தால் தேவசித்தத்தை எதிர்த்தவள் ஆவேனா?
- ஒரு சகோதரி, நாகர்கோவில்

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் பதிவு செய்துவிடுங்கள்; இந்த வாரமே செய்யுங்கள். கீழே எழுதியிருப்பதை அதன் பிறகு வாசித்தாலும் போதும்.

ஏசாயா 38-ஆம் அதிகாரத்தில் எசேக்கியா ராஜாவிடம், அவர் பிழைக்கமாட்டார் என்று ஏசாயா தீர்க்கதரிசியே வந்து அறிவிக்கிறார். தேவசித்தம் இதைவிடத் தெளிவாக ஒருவருக்குச் சொல்லப்பட்டிருக்க முடியாது. அப்படியிருந்தும் அவர் சுவர்ப்புறமாக முகத்தைத் திருப்பி, மிகவும் அழுது ஜெபித்தார்; 15 ஆண்டுகள் கூட்டிக் கொடுக்கப்பட்டன. அந்த அழுகையை முறுமுறுப்பு என்று வேதம் எங்கும் கண்டிக்கவில்லை. அதுமட்டுமல்ல, அந்த நற்செய்தியைக் கொண்டுவந்த அதே ஏசாயாதான், அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடவும் சொல்கிறார். ஜெபமும் மருந்தும் ஒரே அதிகாரத்தில், ஒரே வாயிலிருந்து வருகின்றன.

சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேயில் நம் ஆண்டவர், பாடுகளின் பாத்திரம் நீங்கவேண்டும் என்று மூன்று தரம் கேட்டார். "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல" என்ற பகுதியை மட்டும் நாம் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். ஆனால் "ஆகிலும்" என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு விண்ணப்பம் இல்லாவிட்டால், அந்தச் சொல்லுக்கே அங்கு வேலையில்லை. உங்களுக்கு அறிவுரை சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்கமாட்டார்கள். இருப்பினும், அடுத்தவருடைய பாடுகளை தேவசித்தம் என்று ஏற்றுக்கொள்வது நமக்கு எப்போதுமே எளிதாகத்தான் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்ட பயம் ஒன்று உண்டென்று நினைக்கிறேன்: பதிவு செய்தும், காத்திருந்தும், சிறுநீரகம் கிடைக்காமலே போனால்? ஏற்றுக்கொள்ளுதல் என்ற கேள்வி உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் ஒரு குழியில் விழுந்து காலெலும்பு முறிந்தார். சிகிச்சையும் நடந்தது, ஜெபமும் ஏறெடுக்கப்பட்டது; ஆயினும் முழுச்சுகம் வரவில்லை. 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்து, அங்கிருந்தபடியே எழுதினார். சுகமாயிருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் மொழிகள் தமக்கு ஒட்டவில்லை என்பதால், நோயாளியாகவே நோயாளிகளுக்கு எழுதினார். அவருடைய ஏற்பு சிகிச்சைக்குப் பதிலாக வந்ததன்று. எல்லாம் செய்து பார்த்த பிறகும் மீந்திருந்த வலியோடு, நாள்தோறும் சிறிது சிறிதாகக் கற்றுக்கொண்டது. அதை இன்றே உங்களிடம் கேட்க யாருக்கும் உரிமையில்லை.

யோபுவின் நண்பர்கள் பேசத் தொடங்குமுன் ஏழு நாள் அவரோடு தரையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த முறை சபையார் ஆறுதல் சொல்ல வரும்போது, டயாலிசிஸ் நடக்கும் அந்தச் சில மணி நேரம் உங்கள் கணவர் அருகே உட்கார்ந்திருக்க வரமுடியுமா என்று கேளுங்கள். நீங்கள் அன்று வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.