பசியாறியாச்சா? ஊர்ச் சாப்பாட்டு ஏக்கம்: கேள்விகளும் பதில்களும்

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. திருநெல்வேலிக்காரி. 1998-இல் கல்யாணமாகிக் கோலாலம்பூர் வந்தேன். பதினாறு வருடமாகப் பிரிக்பீல்ட்ஸில் வீட்டிலேயே சமைத்து, மாணவர்களுக்கும் வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறேன். நான் மனநல மருத்துவர் இல்லை. ஆனால் கேரியரைக் கையில் வாங்கிக்கொண்டு கண் கலங்கி நிற்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்தாயிற்று. வந்த கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி (சைபர்ஜெயா, மென்பொருள் வேலை): அக்கா, மதுரையிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. வார நாளில் ஒன்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. வாழையிலைக் கடைக்குப் போய் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். சாப்பிட்டு வந்தபின் இன்னும் மோசமாக இருக்கிறது. இது என்ன வியாதி?

பதில்: வியாதியெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அப்பா பையோடு கறிக்கடைக்குப் போவார். பத்து மணிக்கு மிக்சி ஓடும். சோம்பும் பட்டையும் எண்ணெயில் விழுகிற வாசனைக்குத்தான் நீங்கள் படுக்கையை விட்டே எழுந்திருப்பீர்கள். சாப்பாடு ஒரு மணிக்குத்தான், ஆனால் பசி பத்து மணிக்கே ஆரம்பித்துவிடும். அந்த மூன்று மணி நேரம் இங்கே உங்களுக்குக் கிடைப்பதில்லை. கடையில் உட்கார்ந்ததும் இலை விழுகிறது, கால் மணி நேரத்தில் கை கழுவியாகிறது.

பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தலாமஸ் என்ற இடத்தைக் கடந்துதான் உள்ளே போகும், வாசனை மட்டும் நேராக நினைவும் உணர்ச்சியும் இருக்கிற பகுதிக்கே போய்விடும் என்று நரம்பு மருத்துவர்கள் சொல்வார்கள். அதனால் வாரத்தில் ஒரு வேளையாவது உங்கள் அறையில் நீங்களே தாளியுங்கள். ருசி சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

அப்புறம், வீட்டுக்குப் பேசுகிற நேரத்தை மாற்றுங்கள். நாம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அம்மா ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் உங்களுக்குப் பதினொன்றரை. 'சாப்டியா', 'சாப்டேன்', அவ்வளவுதான் பேச்சு. அம்மா காலை பத்து மணிக்கு அடுப்பைப் பற்ற வைக்கும்போது இங்கே பன்னிரண்டரை. அப்போது கூப்பிடுங்கள். என்னிடம் சாப்பிடுகிற ஒரு பையன் போனை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டுச் சமைப்பான். அடுப்பு படத்தில் தெரியாது. சட்டியின் சத்தத்தை வைத்தே அவன் அம்மா அங்கிருந்து 'தீயைக் குறைடா' என்று கத்துவார். அவன் குறைப்பதற்குள் வெங்காயம் கருகியிருக்கும், அது வேறு.

கேள்வி (பாயான் லெப்பாஸ், பினாங்கு): தூத்துக்குடியில் பிறந்தவள் நான். கடலோரத்தில்தான் இங்கேயும் குடியிருக்கிறேன், ஆனால் மீன் குழம்பு வைத்து ஐந்து மாதமாகிறது. சூப்பர்மார்க்கெட்டில் ஒரு மீனும் அடையாளம் தெரியவில்லை. வீட்டுக்காரர் சால்மன் வாங்கி வந்தார். குழம்பில் போட்டேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

பதில்: பேசவில்லை. ஆனால் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மீன் அத்தனையும் அங்கே இருக்கிறது, மலாய்ப் பெயர்தான் வேறு. வஞ்சிரம் என்றால் தெங்கிரி. வௌவால் என்றால் பாவால், வெள்ளைக்குப் பூத்தே, கறுப்புக்கு ஹீத்தாம் என்று சேர்த்துக் கேளுங்கள். அயிலைக்கு கெம்போங். கொடுவாவுக்கு சியாகாப். சூரைக்கு தொங்கோல், திருக்கைக்கு பாரி, நெத்திலிக்கு பிலிஸ், கணவாய்க்கு சோத்தோங். இதை ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சூப்பர்மார்க்கெட்டை விடுங்கள். காலை ஏழு மணிக்குள் பாயான் பாரு சந்தைக்குப் போங்கள். முதல் நாள் வாங்கவே வேண்டாம், சுற்றிப் பாருங்கள். ஊரில் செய்வது போலவே செவுளைத் தூக்கிப் பாருங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். குழம்புக்கு என்று சொன்னால் சீனத் தவுக்கேயே, அதாவது கடை முதலாளியே, தலையைத் தனியாகப் போட்டுத் தருவார். 'காரி' என்றால் அவருக்குப் புரியும்.

சந்தை பழகிவிட்டால் பாதி ஏக்கம் குறைந்துவிடும். நான் சும்மா சொல்லவில்லை. எனக்கு இந்த ஊர் ஊராகத் தெரிய ஆரம்பித்தது, ஒரு கீரைக்காரம்மா நான் கேட்காமலேயே கறிவேப்பிலையைப் பையில் திணித்த நாளில்தான்.

கேள்வி (செந்தூல்): மாவு பொங்கி வழிகிறது, காலையில் பார்த்தால் கள் மாதிரி புளிப்பு. சட்டினியும் ஊர் மாதிரி வருவதில்லை, தேங்காயே சரியில்லையோ? ஊரிலிருந்து கிரைண்டர் கொண்டு வந்தால் இங்கே ஓடுமா?

பதில்: கடைசியிலிருந்து வருகிறேன். ஓடும். இரண்டு ஊரிலும் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான், 50 ஹெர்ட்ஸ்தான். சுவரில் உள்ள ஓட்டைதான் வேறு. இங்கே சப்பையான மூன்று கால் பிளக். ஒரு எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். அடாப்டரில் செருகி ஓட்ட வேண்டாம், சூடாகும்.

தேங்காய் சரியாகத்தான் இருக்கிறது. துருவல்தான் சிக்கல். சந்தையில் இயந்திரத்தில் துருவிக் கொடுப்பதில் பழுப்புத் தோலும் சேர்ந்து வந்துவிடும். அது பால் பிழிவதற்கு. சட்டினிக்குக் 'கெலாப்பா பாருட் பூத்தே' என்று கேளுங்கள், தோல் சீவித் துருவித் தருவார்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாலு வருடம் ஆயிற்று. அதுவரை மிளகாயைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாவுக்கு வருகிறேன். ஊரில் மார்கழியில் மாவு பொங்காது என்று கம்பளி போர்த்துவோம். இங்கே மார்கழியே கிடையாது, வருடம் முழுக்கச் சித்திரைதான். ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள். வெந்தயத்தைக் குறையுங்கள். ராத்திரி அரைத்துவிட்டுத் தூங்கப் போகாமல் மதியம் அரைத்து, கண் முன்னால் பொங்க விட்டு, பொங்கியதும் பிரிட்ஜில் வையுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் வெளியில் தேவைப்படாது.

கேள்வி (பங்சார்): இங்கே ஒரு நல்ல காபி கிடையாதா?

பதில்: இருக்கிறது, ஆனால் அது வேறு பானம். இங்கே கோப்பிக் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பார்கள், அதனால்தான் அந்தக் கறுப்பு. பாலும் டின் பால். அதை நம் காபியோடு ஒப்பிட்டால் இரண்டுமே பிடிக்காமல் போகும். டபராவையும் பில்டரையும் ஊரிலிருந்து கொண்டு வாருங்கள், சிக்கரி கலந்த தூள் இந்திய மளிகைக் கடைகளில் கிடைக்கும். வெளியில் குடிக்கும்போது தேநீர் பக்கம் போய்விடுங்கள்: வெறும் 'தே' என்றால் டின் பாலோடு வரும், 'தே ஓ' என்றால் பால் கிடையாது, 'கோசோங்' சேர்த்தால் சர்க்கரையும் கிடையாது. 'கூராங் மானிஸ்' என்றால் இனிப்பு குறைவு. மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், இந்த நாலு சொல்லும் உங்களைக் காப்பாற்றும்.

கேள்வி (பினாங்கு, முதலாமாண்டு மாணவி): சைவம் நான். கீரை வாங்கினேன், அதில் ஏதோ வாடை. மூன்று நாளாகப் பிஸ்கட்தான்.

பதில்: பெலாச்சான் அம்மா அது, இறாலை அரைத்துப் புளிக்க வைத்தது. இங்கே காய்கறிப் பொரியலில்கூடப் பெலாச்சானோ காய்ந்த இறாலோ நெத்திலியோ இருக்கும். பார்த்தால் தெரியாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். ரொட்டிச் சானாய்க்கு (இந்த ஊர்ப் பரோட்டா) தருகிற பருப்பிலும் சில கடைகளில் மீன் குழம்பைக் கலந்து ஊற்றுவார்கள், 'பருப்பு மட்டும்' என்று அழுத்திச் சொல்லுங்கள். சீன சைவக் கடைகள் நல்ல துணை. அங்கே வெங்காயம் பூண்டுகூடப் போடமாட்டார்கள். தட்டில் கோழி மாதிரி இருப்பது சோயாதான், பயப்பட வேண்டாம். ஜார்ஜ்டவுனில் குயின் தெரு மாரியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள லிட்டில் இந்தியாவில் நம் சைவக் கடைகள் உண்டு. பிஸ்கட்டை இன்றைக்கே நிறுத்து.

கேள்வி (அடுக்குமாடிக் குடியிருப்பு, புச்சோங்): கருவாடு வறுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் காவலரை அனுப்பிவிட்டார்.

பதில்: அவர் வீட்டில் பெலாச்சான் வறுத்த நாளில் நீங்கள் யாரையாவது அனுப்பினீர்களா? சரி, சண்டை வேண்டாம். வறுப்பதை விட்டுவிட்டுக் குழம்பாக வையுங்கள். வெந்நீரில் ஊறப்போட்டுக் கழுவி, கத்தரிக்காயோடு மூடி போட்ட சட்டியில் கொதிக்க விட்டால் வாசனை வாசலைத் தாண்டாது. முதல் கிண்ணத்தை அந்த வீட்டுக்கே கொடுத்துப் பாருங்கள். இக்கான் மாசின் சாப்பிடாத வீடு இந்த நாட்டில் குறைவு.

கேள்வி (ஜார்ஜ்டவுன், நாசி கண்டார் கடை ஊழியர்): இராமநாதபுரம் பக்கம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் குழம்பு ஊற்றுகிறேன். எனக்கு மட்டும் ஒரு வாய் இறங்கவில்லை. பழைய சோறு கிடைத்தால் போதும் என்றிருக்கிறது. விடுதியில் எட்டுப் பேர், ஒரு ரைஸ் குக்கர்.

பதில்: தம்பி, இத்தனை கேள்வியில் உங்களுடையதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

எண்ணெய் வாசனையிலேயே நாள் முழுக்க நின்றால் யாருக்கும் நாக்கு மரத்துப்போகும். வைராக்கியத்துக்காகக் கடைச் சாப்பாட்டையே திணிக்காதீர்கள். கடையில் மிஞ்சுகிற சோறு பழைய சோற்றுக்கு ஆகாது. புழுங்கல் அரிசி வேண்டும். பொன்னிப் புழுங்கல் சின்ன மூட்டையாக எட்டுப் பேரும் சேர்ந்து வாங்குங்கள். கடை முடிந்து வந்து கொஞ்சம் குழைவாக வடியுங்கள், ஆற விடுங்கள், சோறு முழுகத் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். இந்த ஊர்ச் சூட்டுக்கு விடியும்போது சரியாக இருக்கும். அதற்கு மேல் வைக்காதீர்கள். இங்கே இனிப்பில்லாத கட்டித் தயிர் இந்திய மளிகைக் கடையில் கிடைக்கும். உப்பு, ஒரு கை சின்ன வெங்காயம். மோர் மிளகாய் யாராவது ஊரிலிருந்து வந்தால் சொல்லி அனுப்பலாம்.

உங்கள் கடையின் பெயரிலேயே உங்கள் ஊர்க்காரர் இருக்கிறார், தெரியுமா? கண்டார் என்றால் தோளில் சுமக்கிற காவடித் தண்டு. ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறு பக்கம் குழம்புப் பானை என்று தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் இந்தத் தெருக்களில் தூக்கிக்கொண்டு நடந்த சாப்பாடுதான் அது. அவர்களும் ராத்திரி வந்து என்ன சாப்பிட்டார்களோ. நோன்பு மாதத்தில் தமிழ் முஸ்லிம் பள்ளிவாசல் பக்கம் போனால் நோன்புக் கஞ்சி கிடைக்கும். ஊர்க் கைப்பக்குவத்தை அங்கே பார்க்கலாம்.

கேள்வி (கிள்ளான்): நான் இங்கேயே பிறந்தவள், நாலாம் தலைமுறை. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு 'இது சாம்பாரே இல்லை' என்கிறார்கள். ஏக்கம் உங்களுக்கு, திட்டு எங்களுக்கா?

பதில்: நியாயமான கேள்வி. நானே அந்தத் தப்பைச் செய்தவள்தான்.

வந்த முதல் மாதம். மாமியார் வைத்த சாம்பாரில் சோம்பு வாசனை. 'இது சாம்பாரா குருமாவா' என்று கேட்டுவிட்டேன். வேடிக்கையாகப் பேசுவதாக நினைப்பு. அவர் ஒன்றும் சொல்லாமல் என் தட்டில் அப்பளத்தை வைத்தார். மறுநாள் காலையில் வழக்கம் போல் 'பசியாறியாச்சாம்மா?' என்றார். பசியாறுவது! ஊரில் என் ஆச்சியோடு போன சொல் அது. நாங்களெல்லாம் அதற்குள் டிபனுக்கு மாறிவிட்டோம். அதை இங்கே தினமும் வாயில் வைத்திருக்கிற வீட்டில் போய் எது அசல், எது நகல் என்று நான் தீர்ப்பு சொன்னேன்.

அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டத்துக் கடையில் கிடைத்த தூளை வைத்து, லயத்தில் பக்கத்து வீட்டு மலையாளியிடமும் தெலுங்கரிடமும் பார்த்துப் பழகிய சமையல் அது. தப்பாகிப்போன திருநெல்வேலிச் சாம்பார் என்று அதை நினைத்ததுதான் என் மடத்தனம். மன்னிப்பு என்று வாய்விட்டுக் கேட்க எனக்கு வரவில்லை. அந்தச் சாம்பாரைக் கற்றுக்கொண்டேன். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் என் கேரியரில் போவது அதுதான். ஊர்ப் பிள்ளைகள் முதல் வாரம் முனகுவார்கள். பிறகு இன்னொரு கரண்டி கேட்பார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு: அடுத்தவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் உங்கள் அம்மாவை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி (திருச்சியிலிருந்து, அடுத்த மாதம் வரப்போகிறவர்): அம்மா பத்துக் கிலோ அரிசி கட்டுகிறார். வேறு என்ன கொண்டு வரட்டும்?

பதில்: அரிசியை இறக்கி வையுங்கள். 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது உண்மைதான். 2024 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டார்கள், நம் அரிசி இங்கேயே கிடைக்கிறது. புளி, பருப்பு, கறிவேப்பிலை, முருங்கை எல்லாம் இங்கே உண்டு. சுண்டைக்காய்கூடத் 'தெரோங் பிப்பிட்' என்று சந்தையில் பச்சையாகவே கிடைக்கிறது. இறைச்சி, விதை, செடி எதுவும் வேண்டாம். அனுமதி இல்லாமல் கொண்டு வந்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். சிங்கப்பூர் வழியாக வருவதாக இருந்தால் கசகசாவைத் தொடவே தொடாதீர்கள். அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது.

கட்ட வேண்டியது உங்கள் வீட்டுக் குழம்புப் பொடி, வற்றல், இட்லிப் பொடி. நல்லெண்ணெய் இங்கே வாங்கலாம், ஆனால் இந்திய மளிகைக் கடையில் மட்டும். சூப்பர்மார்க்கெட்டில் எள் படம் போட்ட கறுப்புப் பாட்டில் இருக்கும். அது சீனச் சமையலுக்கு எள்ளை வறுத்து எடுத்தது. இட்லிப் பொடியில் ஊற்றினால் இட்லி, பொடி, எண்ணெய் மூன்றும் குப்பைக்குத்தான்.

கேள்வி (சைபர்ஜெயா, மறுபடியும் அதே மதுரைக்காரர்): ஒன்று விட்டுப்போயிற்று அக்கா. நீங்கள் இப்போது ஊருக்குப் போனால் எப்படி இருக்கிறது?

பதில்: போன தடவை போயிருந்தபோது முதல் இரண்டு நாள் அல்வா, சொதி, அம்மாவின் உளுந்தஞ்சோறு என்று ஒரே கொண்டாட்டம். மூன்றாம் நாள் காலை, தம்பியோடு டவுன் பக்கம் போனவள் ஒரு டீக்கடையில் நின்று, யோசிக்காமல் 'தே ஓ கோசோங்' என்றேன். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு என் தம்பியைப் பார்த்து, 'அக்கா என்ன கேக்காக?' என்றார்.