பெங்களூருவில் இருந்துகொண்டு ஆற்றுப் பள்ளத்தாக்கில் தங்கம் அரிக்கப் போகலாமா?

நீங்கள் கேட்டது இதுதான்: பெங்களூருவில் வேலை, வார இறுதியில் ட்ரெக்கிங் போகிற பழக்கம் உண்டு, அமெரிக்காவில் பள்ளத்தாக்குகளுக்குள் நடந்துபோய் ஆற்றில் தங்கம் அரிக்கிறவர்களின் வீடியோக்களைப் பார்த்திருக்கிறீர்கள், தங்கம் அரிக்கிற தட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு மேகதாதுவில் முயன்று பார்க்கலாமா?

மேகதாதுவில் வேண்டாம். ஆனால் ஆசையை விட வேண்டியதில்லை. சட்டப்படி செய்யக்கூடிய இடங்கள் உலகத்தில் இருக்கின்றன. அதற்கான பயிற்சியில் பெரும்பகுதியை இங்கேயே முடித்துவிடலாம்.

எனக்குச் சொந்த ஊர் கோலார் தங்கவயல், மாரிக்குப்பம். தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். நான் ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். ஆபீஸ் வேலையாகக் கலிஃபோர்னியாவின் சேக்ரமெண்டோவில் இருந்தபோதுதான் அமெரிக்கன் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் நடந்து, அரிக்கவும் கற்றுக்கொண்டேன்.

முதலில் சட்டம். நம் நாட்டில் 1957ஆம் ஆண்டின் சுரங்கம், கனிமச் சட்டப்படி உரிமம் இல்லாமல் கனிமம் தேடுவதே குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் இருக்கிறது. மேகதாது காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகிறது, அங்கே ஆற்று மணலைத் தோண்டி எடுக்கக் கூடாது. அந்த இடம் ஆபத்தானதும்கூட. தண்ணீர் குடைந்த குழிகளும் வழவழப்பான பாறையும் நிறைந்த குறுகிய வாய்க்குள் மொத்தக் காவிரியும் நுழைகிறது. நீச்சல் தெரிந்தவர்களே அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் இன்னும் மோசம்.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அங்கே தங்கம் தேடுவதில் பொருள் இல்லை. கோலார்த் தங்கம் ஒரு ஒடுங்கிய பாறைப் பட்டைக்குள் இருக்கிற தங்கம். தெற்கு வடக்காக 80 கிலோமீட்டர் நீளம், அகலம் சில கிலோமீட்டர்தான். தங்கவயல் பக்கம் பெய்கிற மழை பேத்தமங்கலம் வழியாகப் பாலாற்றுக்குப் போகிறது, காவிரிக்கு வருவதில்லை. ஆறு கொண்டுவராத பொருளை ஆற்றில் தேட முடியாது, இல்லையா? அப்புறம், நீலகிரியில் பந்தலூர், தேவாலா பக்கம் போகலாமே என்று யாராவது சொல்வார்கள். 1880 வாக்கில் லண்டன் கம்பெனிகள் போட்டி போட்டுப் பணம் கொட்டிய இடம்தான் அது. இன்றைக்கு அங்கே மிச்சம் இருப்பவை பழைய சுரங்கக் குழிகளும் யானைகளும். குழிக்குள் இறங்கியவர்கள் செத்துப்போன செய்திகள் வந்திருக்கின்றன. அங்கேயும் போக வேண்டாம்.

எங்கள் ஊரின் கதையே நீங்கள் கேட்கிற விஷயத்தோடு சேர்ந்ததுதான். 1802இல் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி எல்லை அளக்க வந்தபோது, கிராமத்து மக்கள் மண்ணை அலசித் தங்கத் துகளை எடுத்துக் காட்டினார்கள். பிற்பாடு வந்த லாவெல் நியூசிலாந்துப் போரில் இருந்த சிப்பாய். அங்கே ஆற்றில் தங்கம் எடுப்பதைப் பார்த்துவிட்டு வந்து, 1873இல் மைசூர் அரசிடம் அனுமதி கேட்டார். பெங்களூருவில் லாவெல் ரோட்டில் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும்! 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது, வட ஆற்காட்டிலிருந்து நம் ஜனங்கள் வந்தார்கள், 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது.

சரி, கலிஃபோர்னியாவுக்கு வருவோம். 1848 ஜனவரியில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத்தைப் பார்த்தது அமெரிக்கன் ஆற்றின் தெற்குக் கிளையில், கொலோமாவில். அதன் வடக்கு, நடுக் கிளைகள் ஆபர்ன் ஊருக்குக் கீழே சந்திக்கின்றன. அங்குள்ள அரசுப் பொழுதுபோக்குப் பூங்காவில் கையும் தட்டும் மட்டும் வைத்து அரிக்கலாம், மண்வெட்டிகூடக் கூடாது. வேறு இடங்களில் வேறு விதி இருக்கும். சில இடங்களில் தனியார் உரிமை பதிவாகியிருக்கும். ஆகவே அந்தந்த அலுவலகத்தில் கேட்டுவிட்டே இறங்குங்கள். மோட்டார் வைத்து ஆற்றடியை உறிஞ்சும் கருவிகளுக்கு 2009லிருந்து அங்கே தடை. நியூசிலாந்தின் தென்தீவிலும் ஆரோ, ஷாட்டோவர் ஆறுகளில் பொதுமக்கள் கைக்கருவியோடு அரிக்க அரசே இடம் ஒதுக்கியிருக்கிறது.

வீடியோக்களில் சரியாகத் தெரியாத விஷயம் நடைதான். மலை ஏறும்போது களைத்துவிட்டால் பாதியில் திரும்பி இறங்கிவிடலாம். பள்ளத்தாக்கில் அந்த வசதி கிடையாது. காலையில் உற்சாகமாக இறங்கிவிடுவீர்கள். மதியம் வெயில் உச்சியில் இருக்கும்போது, நனைந்த துணியும் களைத்த காலுமாக முழு ஏற்றமும் காத்திருக்கும். கோல்ஃபாக்ஸ் பக்கத்து ஸ்டீவன்ஸ் டிரெயில் வடக்குக் கிளைக்கு இறங்குகிற பாதை, ஒரு வழிக்கு ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. சுரங்கக்காரர்கள் போய்வந்த பழைய வழி அது. சில இடங்களில் ஒரு பக்கம் சரிவு நேராகக் கீழே போகும். கையிலிருக்கும் தண்ணீரில் பாதி தீர்வதற்குள் ஏறத் தொடங்கிவிடுங்கள். ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வடிகட்டாமல் குடிக்காதீர்கள்.

ஆற்றைக் கடக்கும்போது முதுகுப்பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். விழுந்தால் பை உங்களை அமிழ்த்தாமல் நழுவிப் போகட்டும். வேகமான தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்தால் கடக்காதீர்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை பனி உருகி வருகிற தண்ணீர், சில நிமிடங்களில் கைகால் மரத்துப்போகும். நடுக் கிளையில் மேலேயுள்ள அணையிலிருந்து திறந்துவிடுவதால் மழையே இல்லாமலும் மட்டம் ஏறும். கரைக்கல் ஒன்றை அடையாளம் வைத்து அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். பாறைப் பிளவில் கை விடுவதற்கு முன் குச்சியால் தட்டுங்கள், ராட்டில் பாம்பு உள்ள இடம். மூன்று மூன்று இலையாக வளரும் பாய்சன் ஓக் செடி உடம்பில் பட்டால் நாள்கணக்கில் அரிக்கும், கொப்புளம் வரும். போனில் சிக்னல் இருக்காது என்று வைத்துக்கொண்டே போங்கள்.

இப்போது தங்கம். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் தங்கம் 19.3, சாதாரண மணலான குவார்ட்ஸ் 2.65. இந்த வித்தியாசம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. தண்ணீரின் வேகம் எங்கே குறைகிறதோ அங்கே தங்கம் விழும்: வளைவின் உள்பக்கம், பெரிய பாறையின் பின்புறம், அடிப்பாறையில் ஆற்றுக்குக் குறுக்கே ஓடும் பிளவு. அந்தப் பிளவுகளில் இறுகிக் கிடக்கும் மண்ணைத்தான் நான் முதலில் தேடுவேன். வெள்ளம் வடிந்த பிறகு கரைப்பாறையில் ஒட்டியிருக்கும் பாசிக்குள்ளும் நுண்துகள்கள் சிக்கியிருக்கும்.

மண்ணைத் தட்டில் போட்டுத் தண்ணீருக்குள்ளேயே வைத்துப் பிசைந்து களியைக் கரைக்க வேண்டும். இதை அவசரப்பட்டுச் செய்தால் களியோடு தங்கமும் போய்விடும். பிறகு பக்கவாட்டில் நன்றாக ஆட்டினால் கனமானவை அடிக்குப் போகும். அதற்கப்புறம்தான் சாய்த்து மேல்மண்ணைக் கழுவிவிடுவது. பாட்டி அரிசியில் கல் அரிப்பதைப் பார்த்திருந்தால் கை அசைவு பாதி தெரிந்த மாதிரிதான். கடைசியில் கறுப்பு மணல் நிற்கும், பெரும்பாலும் மேக்னடைட் என்கிற இரும்புக் கனிமம். அதற்குள் மஞ்சளாகத் தெரிவதை நிழலில் வைத்துப் பாருங்கள். தங்கம் நிழலிலும் அதே நிறம் காட்டும். மைக்கா வெயிலில் மட்டும் மினுக்கும். தங்கம் மாதிரியே மின்னும் பைரைட் கனிமத்தை ஊசியால் அழுத்தினால் நொறுங்கும், தங்கம் நசுங்கும்.

இதைப் பழகச் சுலபமான வழி இருக்கிறது. மீன்பிடிக் கடையில் கிடைக்கும் சிறிய ஈயக் குண்டுகளில் பத்தைத் தட்டி நசுக்கி, கட்டட மணலில் கலந்து, மொட்டைமாடியில் ஒரு பெரிய டப்பில் தண்ணீர் வைத்து அரியுங்கள். ஈயம் தங்கத்தைவிட லேசு. ஆகவே பத்தும் ஒவ்வொரு தடவையும் தட்டில் நின்றால் உங்கள் கை தயார். கையை நன்றாகக் கழுவுங்கள், டப்பைக் குளிக்கப் பயன்படுத்தாதீர்கள். நடைக்கு ஸ்கந்தகிரி இருக்கிறது, வனத்துறையின் ஆன்லைன் அனுமதியோடு போகலாம். பாறைக்குப் பாறை தாவிப் பழகக் கோலார் அந்தரகங்கே நல்ல இடம். முதுகில் எடையோடு இறங்கிப் பழகுங்கள், முட்டிக்கு அதுதான் வேலை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நுண்துகளைச் சேர்க்கப் பாதரசம் வாங்காதீர்கள், யார் சொன்னாலும். எங்கள் ஊரில் சயனைட் டம்ப், அதாவது தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண், மலைமலையாக நிற்கிறது, காற்றடிக்கிற மாதங்களில் அந்தத் தூசு வீட்டுக்குள் வந்து சோற்றுத் தட்டில் விழும். கலிஃபோர்னியாவின் சியரா மலையடிவாரத்தில் ராட்சதக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சிக் குன்றுகளையே கரைத்ததில் கீழே விவசாய நிலமெல்லாம் சேற்றில் மூழ்கி, 1884இல் நீதிமன்றம் தடுக்க வேண்டிவந்தது. தங்கம் எடுத்தவர்கள் போய்விட்டார்கள், மண் அங்கேயே கிடக்கிறது. தோண்டிய குழி சின்னதாக இருந்தாலும் மூடிவிட்டு வாருங்கள்.

போவதானால் செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். தண்ணீர் குறைவு, பிளவுகள் வெளியே தெரியும். காட்டுத்தீக் காலமும் அதுதான், பாதை திறந்திருக்கிறதா என்று கிளம்புகிற அன்று காலையிலும் பாருங்கள். எந்த மாதம், எத்தனை நாள் என்று கருத்தில் சொன்னால், எந்தக் கிளையில் இறங்கலாம் என்று எழுதுகிறேன்.