கிழமையைச் சொன்னது யார்?

கேள்வி: எனக்கு வயது 42. சென்னை மேடவாக்கத்தில் குடும்பத்தோடு இருக்கிறேன். அப்பா இறந்த பிறகு, சங்கரன்கோவில் பக்கத்தில் எங்களுக்கு இருந்த பூந்தோட்டத்தை விற்றுவிட்டு, ஒன்றரை வருடம் முன்பு அம்மாவை (67) எங்களோடு கூட்டிவந்துவிட்டேன். ஊரில் பூ வியாபாரம், இருபது பேர் சேர்ந்த ஏலச்சீட்டு இரண்டையும் ஒற்றை ஆளாக நடத்தியவர். இங்கே ராணி மாதிரி வைத்திருக்கிறோம். ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. ஆனால் இப்போதெல்லாம் ஃபேன் போடுவதற்குக்கூட “போட்டுக்கவாய்யா?” என்று கேட்கிறார். வீட்டுக்கு யாராவது வந்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறார். மறதி நோயோ என்று பயந்து டாக்டரிடம் காட்டினோம். ஸ்கேன் நார்மல். “இன்னிக்கு என்ன கிழமை? எந்த மாசம்?” என்று டாக்டர் கேட்டபோது அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார், நான்தான் சொன்னேன். பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிடலாமா?

பதில்: கிழமையைச் சொன்னது நீங்கள். அப்படியானால் அன்றைக்கு டாக்டர் சோதித்தது உங்கள் ஞாபக சக்தியை. பாஸாகிவிட்டீர்கள், சந்தோஷம்.

டாக்டர் தன் சுவரில் காலண்டர் இல்லை என்பதற்காக அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை தம்பி. அம்மா எவ்வளவு நேரம் யோசிக்கிறார், திணறுகிறாரா, தப்பாகச் சொல்லிவிட்டுத் திருத்துகிறாரா என்று பார்க்கத்தான் கேட்டார். அந்தப் பத்து விநாடி உங்களுக்குப் பொறுக்கவில்லை. மறதி நோய் தொடங்கியவர்கள் கேள்வி கேட்டதும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது உண்டு, டாக்டர்கள் அதைக் கவனிப்பார்கள். வீட்டில் எதற்கும் தன்னைப் பேச விடாத மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் ஒரு பெண் அப்படித்தான் திரும்பிப் பார்ப்பாள். உங்கள் அம்மா எதற்காகப் பார்த்தார் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

பூக்காரிக்குக் கிழமை தெரியாதா என்றுதான் நான் யோசிக்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு ஒரு விலை, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ஒரு விலை. மார்கழிப் பனியில் வரத்துக் குறைந்து மல்லி கிலோ ஆயிரங்களுக்கு ஏறும்போது கமிஷன் கடைக்காரரோடு மல்லுக்கு நின்றிருப்பார். யார் சீட்டை எடுத்தார்கள், எவ்வளவு தள்ளுபடியில் ஏலம் போனது, யார் இந்த மாதம் இழுத்தடிக்கிறார்கள் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்திருக்கும். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பத்துப் பேர் “நீங்க சொல்லுங்க” என்று அவர் வாயைப் பார்த்து நின்ற வாழ்க்கை அது. அந்தப் பத்துப் பேரும்தான் அவரைக் கெட்டிக்காரியாக வைத்திருந்தார்கள். மேடவாக்கத்தில் அவரிடம் இன்றைக்கு யாராவது ஏதாவது யோசனை கேட்டார்களா? நேற்று? போன மாதம்?

எதிரில் இருப்பவர்தான் நாம் நம்மைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடி என்று சார்லஸ் கூலி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1902-லேயே எழுதிவைத்தார். உங்கள் வீட்டுக் கண்ணாடியில் உங்கள் அம்மாவுக்குத் தெரிவது ஒன்றும் தெரியாத, ஒன்றுக்கும் உதவாத ஒரு கிழவி. ஒன்றரை வருடம் தினமும் அதையே பார்த்தால் ஃபேன் சுவிட்சைத் தொடவும் பயமாகத்தான் இருக்கும்.

“ராணி மாதிரி” என்று எழுதியிருக்கிறீர்கள். மாதாமாதம் எனக்கு வரும் கடிதங்களில் எத்தனை ராணிகள் தெரியுமா? எல்லோரும் சோபா ஓரத்தில் டிவிக்கு எதிரே உட்காரவைக்கப்பட்டவர்கள்.

எல்லென் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வை 1976-ல் வெளியிட்டார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், “உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது என்பது உங்கள் முடிவு. இந்தச் செடியையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொன்னார்கள். இன்னொரு மாடிக்காரர்களுக்கும் செடி உண்டு. ஆனால் தண்ணீர் ஊற்றுவதை நர்ஸ்கள் பார்த்துக்கொள்வார்கள், உங்களைச் சந்தோஷமாக வைத்திருப்பது எங்கள் பொறுப்பு என்றார்கள். மூன்றே வாரத்தில் முதல் மாடிக்காரர்களில் பெரும்பாலோர் சுறுசுறுப்பாகிவிட்டார்கள். இரண்டாவது மாடியில் 71 சதவீதம் பேர் முன்னைவிடத் தளர்ந்துபோயிருந்தார்கள். அந்த மாடியில் யாரும் அவர்களைத் திட்டவில்லை, பட்டினி போடவில்லை. உங்களைப் போலவே அன்பாகத்தான் நடத்தினார்கள்.

நான் பழைய காலத்து ஆள். பெற்றவளைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுவது பிள்ளையின் கடமை என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. நீங்கள் கூட்டிவந்தது சரி. ஆனால் சோறும் மாத்திரையும் கொடுத்துவிட்டு அவருடைய பேச்சை எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இதில் இன்னொரு ஆளைச் சம்பளத்துக்கு வேறு வைக்க வேண்டுமா, பகலிலும் அம்மாவுக்குப் பதிலாகப் பேச? வேண்டாம். (உங்கள் மனைவி இதைப்பற்றி என்ன நினைக்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்த வீட்டில் வேறு யாருக்காகவெல்லாம் நீங்களே பதில் சொல்கிறீர்களோ.)

மறுபடி டாக்டரைப் பாருங்கள். கிண்டியில் முதியோருக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். அம்மா டாக்டரிடம் தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே பெஞ்சில் உட்காருங்கள். டாக்டர் கூப்பிட்டால் மட்டும் உள்ளே போய், வீட்டில் பார்த்ததைச் சொல்லுங்கள். காது சரியாகக் கேட்கிறதா என்று ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். பாதிதான் காதில் விழுகிறது என்பதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, ஆள் வந்தால் உள்ளே போய்விடுகிறவர்கள் நிறைய. தைராய்டு, பி12 பார்த்தார்களா என்று கேளுங்கள். புருஷன் போய், தோட்டமும் போய், ஊரும் போன பெண்ணுக்கு மனச்சோர்வு வந்திருந்தால் அதுவும் மறதி மாதிரியே தெரியும், அதற்கு மருந்து இருக்கிறது.

வீட்டில் நாளையிலிருந்து காய்கறி வாங்குவது அம்மா பொறுப்பு. தள்ளுவண்டிக்காரரிடம் அவரே பேரம் பேசட்டும். பின்னாலேயே போய் நிற்காதீர்கள், மீதிச் சில்லறையை எண்ணிப் பார்க்காதீர்கள். முதல் வாரம் சொத்தைக் கத்திரிக்காயாக வந்தாலும் வாயைத் திறக்காமல் சாப்பிடுங்கள். பக்கத்து வீட்டு அம்மாள் வந்து “ஊர்ல மழையாமே?” என்று கேட்டால், பதில் எவ்வளவு தாமதமாக வந்தாலும் அது அம்மாவிடமிருந்து வரட்டும். கைகால் பரபரத்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள்.

இன்னொன்று. தோட்டத்தை விற்றதாக ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். அந்தப் பணம் யார் கணக்கில் இருக்கிறது? அம்மாவுக்கு உரியது உங்கள் பேரில் இருந்தால், அவர் தெளிவாகத்தான் இருக்கிறார் என்று டாக்டர் சொன்ன மறுநாளே அவர் கணக்குக்கு மாற்றிவிட்டு, பாஸ்புக்கை அவர் கையில் கொடுங்கள். அதில் கொஞ்சத்தை எடுத்து உங்கள் அடுக்குமாடியில் யாருக்காவது கைமாற்றாகக் கொடுத்தார் என்றால் ஏன் என்று கேட்காதீர்கள். ஆள் பார்த்துக் கொடுக்க அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.