திறந்த அணுக்க நிபந்தனைகள்: ஆய்வாளர்களின் கேள்விகளும் பதில்களும்

ஆய்வுக்குப் பணம் தரும் அமைப்புகள் கட்டுரையை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வைக்கச் சொல்கின்றன. இதுதான் திறந்த அணுக்கம். இது குறித்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேட்டவற்றுக்கு, ஆய்வுக் களஞ்சியத்தை (கட்டுரைகளைச் சேமித்து இணையத்தில் திறந்து வைக்கும் தளம்) கவனித்துக்கொள்ளும் நூலகர் ஒருவர் பதில் தருகிறார்.

திறந்த அணுக்கம் என்றாலே காசு கட்டித்தான் ஆக வேண்டுமா சார்?

இல்லை. இரண்டு வழி உண்டு. இதழே கட்டுரையைத் திறந்து வெளியிடுவது தங்க வழி. சந்தா இதழில் வெளியிட்டுவிட்டு, ஏற்கப்பட்ட கையெழுத்துப்படியைக் களஞ்சியத்தில் சேர்ப்பது பச்சை வழி. பச்சைக்குப் பெரும்பாலும் செலவு கிடையாது. தங்க வழியிலும் ஆசிரியரிடம் பைசா வாங்காத இதழ்கள் ஏராளம். திறந்த அணுக்க இதழ்களைத் தொகுக்கும் டி.ஓ.ஏ.ஜே. பட்டியலில் கட்டணம் இல்லாதவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் என்ற ஆய்வுத் திட்டத்தின் நிதியில் நடந்த ஆய்வு என்றால், தங்க இதழில் வந்த கட்டுரையையும் நம்பகமான களஞ்சியம் ஒன்றில் சேர்த்தாக வேண்டும். "இதழிலேயே திறந்துதானே கிடக்கிறது" என்று விட்டுவிடுகிறவர்கள் இறுதி அறிக்கை எழுதும்போது முழிப்பார்கள்.

களஞ்சியத்தில் எந்தப் பிரதியைப் போடுவது? இதழின் பிடிஎஃப்பைப் போட்டேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். ஒரு கட்டுரைக்கு மூன்று நிலை உண்டு: மதிப்பாய்வுக்கு அனுப்பிய பிரதி, மதிப்பாய்வாளர் சொன்ன திருத்தங்கள் எல்லாம் செய்து இதழ் "ஏற்றோம்" என்ற பிரதி, பதிப்பகம் அச்சுக்கோத்து வெளியிட்ட பிரதி. சந்தா இதழ் என்றால் களஞ்சியத்துக்கு உரியது பெரும்பாலும் நடுவில் உள்ளது. பிழைதிருத்தத்துக்கு வரும் புரூஃப் இந்த நடுப் பிரதி ஆகாது. அதில் பதிப்பகத்தின் வடிவமைப்பு ஏறிவிட்டது.

ஏற்புக் கடிதம் வந்த அன்றே இதைச் செய்துவிடுங்கள். கடைசியாகச் சமர்ப்பித்த வேர்டு அல்லது லேடெக் கோப்பை எடுங்கள். இதழின் தளம் தானாகக் கோத்துத் தரும் பிடிஎஃப்பை நம்ப வேண்டாம். அதில் வரி எண்கள் இருக்கும், படங்கள் கடைசியில் தனியாகக் கிடக்கும், இருபுறமும் பெயர் மறைத்த மதிப்பாய்வு என்றால் உங்கள் பெயரே இருக்காது. மாற்றங்களைக் காட்டும் வண்ணக் குறிகளையும் ஓரக் குறிப்புகளையும் நீக்குங்கள். படங்களை உரிய இடத்தில் சேருங்கள். முதல் பக்கத்தில் ஆசிரியர்கள் பெயர், இதழின் பெயர், ஏற்பு நாள், "இது ஏற்கப்பட்ட கையெழுத்துப்படி" என்ற ஒரு வரி, உரிமம். கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளமான டிஓஐ எண்ணைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். பிடிஎஃப்பாகச் சேமித்து அன்றே பதிவேற்றுங்கள். எம்பார்கோ, அதாவது கட்டுரையைத் திறக்கும் முன் இதழ் விதிக்கும் காத்திருப்புக் காலம், இருந்தால் களஞ்சியம் உரிய நாள்வரை கோப்பைப் பூட்டி வைத்துக்கொள்ளும்.

ஆறு மாதம் கழித்துத் தேடினால் கோப்பு கிடைக்காது. அது வேறு நாட்டுக்குப் போய்விட்ட இணையாசிரியரின் மடிக்கணினியில், "ஃபைனல்", "ஃபைனல்2", "ஃபைனல்_சரி" என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும். பிரிட்டனில் பல்கலைக்கழக ஆய்வுகளின் தரத்தை அளந்த ரெஃப் 2021 மதிப்பீட்டில் ஏற்பு நாளிலிருந்து 3 மாதத்துக்குள் பதிவேற்ற வேண்டும் என்று விதித்திருந்தார்கள். நாள் குறிக்காத இடங்களிலும் அந்த ஒழுங்கு நல்லது.

இதழ் 12 மாத எம்பார்கோ என்கிறது. நிதியமைப்பு ஒரு நாள்கூடக் கூடாது என்கிறது. நான் யார் பேச்சைக் கேட்பது?

நிதி ஒப்பந்தம் முதலில் வந்தது, அதுதான் உங்களைக் கட்டும். இந்தச் சிக்கலுக்காகவே, உடனடித் திறந்த அணுக்கத்தை வலியுறுத்தும் நிதியமைப்புகளின் திட்டமான பிளான் எஸ்-இல் சேர்ந்த அமைப்புகள் உரிமையைத் தக்கவைக்கும் முறையைக் கொண்டுவந்தன. கட்டுரையை முதன்முதலாக அனுப்பும்போதே, நிதி பற்றிய பகுதியிலும் இதழாசிரியருக்கான கடிதத்திலும் இப்படி ஒரு வாசகம் சேர்க்க வேண்டும்: "இந்த ஆய்வு இன்ன அமைப்பின் நிதியில் நடந்தது. இந்தச் சமர்ப்பிப்பிலிருந்து உருவாகும் ஏற்கப்பட்ட கையெழுத்துப்படிக்கு ஆசிரியர் சிசி-பை உரிமம் அளித்துள்ளார்." சிசி-பை என்பது, ஆசிரியர் பெயரைச் சொல்லிவிட்டு யாரும் மறுபயன்படுத்தலாம் என்ற உரிமம். துல்லியமான ஆங்கில வாசகத்தை உங்கள் நிதியமைப்பின் பக்கத்திலிருந்து அப்படியே எடுங்கள், சொந்தமாக மாற்ற வேண்டாம்.

இதன் பலம் முழுவதும் காலவரிசையில் இருக்கிறது. இதழோடு ஒப்பந்தம் போடும் முன்பே உரிமம் கொடுத்தாயிற்று என்பதுதான் வாதம். ஏற்பு வந்தபின் சேர்த்தால் வாதம் செத்துப்போகும். வாசகத்தைச் சேர்த்தபிறகும் கோட்டைவிட வாய்ப்பு உண்டு. ஏற்புக்குப் பின் வரும் இணையப் படிவத்தில், களஞ்சியப் பிரதிக்கு 12 மாதக் காத்திருப்பை ஒப்புக்கொள்வதாக ஒரு வரி இருக்கும். யோசிக்காமல் "சம்மதம்" அழுத்தினால், முன்னே சொன்னதற்கு நேர்மாறாகக் கையெழுத்திட்டவர் ஆவீர்கள். நின்று படியுங்கள், முரண்பட்டால் இதழுக்கு எழுதிக் கேளுங்கள். சில இதழ்கள் வாசகத்தைப் பார்த்ததும் கட்டணத் திறந்த வழிக்குத் தள்ளப் பார்க்கும், சில திருப்பியே அனுப்பிவிடும். அது முதல் வாரத்திலேயே தெரிவது நல்லதுதான்.

ஹார்வர்டு கலை அறிவியல் புலம் 2008-இல் ஏற்ற கொள்கையைப் பின்பற்றும் பல்கலைக்கழகங்களில், கையெழுத்துப்படியைத் திறந்து வைக்கும் உரிமை நிறுவனத்துக்கு முன்கூட்டியே போய்விடுகிறது. உங்கள் நிறுவனத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று நூலகத்தில் கேட்டுவிடுங்கள், பாதிப் பாரம் இறங்கும்.

சிசி-பை கொடுத்தால் யாரோ ஒருவர் என் கட்டுரையை விற்றுக் காசு பார்ப்பாரே? வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் என்.சி. போட்டால் பாதுகாப்பு அல்லவா?

விற்கலாம்தான், உங்கள் பெயரைச் சொல்லியாக வேண்டும். இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்குவோர் எத்தனை பேர்? என்.சி. போட்ட கட்டுரைகளில் வேறொரு கூத்து உண்டு. பல பதிப்பகங்கள் அதோடு சேர்த்துத் தங்களுக்கு மட்டுமே உரிமை தரும் ஒப்பந்தமும் வாங்கிக்கொள்கின்றன. அப்போது வணிக உரிமை உங்களிடம் இராது, பதிப்பகத்திடம் இருக்கும். மாற்றியமைத்து வெளியிடுவதைத் தடுக்கும் என்.டி. போட்டால், கட்டுரையைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிட விரும்புகிறவர் தனியாக அனுமதி வாங்க வேண்டும்.

பிரிட்டனின் அரசு ஆய்வு நிதியமைப்பான யூ.கே.ஆர்.ஐ. சிசி-பை கேட்கிறது, தக்க காரணம் காட்டினால் சிசி-பை-என்.டி. அனுமதிக்கும். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதால் இணையாசிரியர்களிடம் முன்பே பேசிவிடுங்கள்.

வேறொருவர் கட்டுரையிலிருந்து எடுத்த படம் உள்ளே இருக்கிறது. அனுமதி வாங்கிவிட்டேன். போதுமா?

எதற்கு அனுமதி வாங்கினீர்கள் என்று பாருங்கள். "ஒரு இதழில் மறுபதிப்பு" என்று வாங்கிய அனுமதி, உலகம் முழுக்க யாரும் மறுபயன்படுத்தும் சிசி-பை கட்டுரைக்குப் பொருந்தாமல் போகலாம். திறந்த வெளியீடு என்று சொல்லியே கேளுங்கள். படத்தின் கீழே உரிமையாளர் பெயரும், "இப்படம் கட்டுரையின் உரிமத்துக்கு உட்படாது" என்ற குறிப்பும் வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் தரவிலிருந்து புதிதாக வரையுங்கள். பழைய படத்தின் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு "தழுவியது" என்று போடுவது பலிக்காது.

ஆசிரியர் தனியாகப் பணம் கட்டாமல் திறந்து வெளியிட எங்கள் பல்கலைக்கழகம் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. ஆனாலும் எனக்குக் கட்டண பில் வந்தது சார்.

பெரும்பாலும் தொடர்பு ஆசிரியர், அதாவது இதழோடு கடிதத் தொடர்பு வைத்திருக்கும் ஆசிரியர், விவரத்தில் கோளாறு. இத்தகைய ஒப்பந்தங்கள் தொடர்பு ஆசிரியரின் நிறுவனத்தைப் பார்த்தே செல்லுபடியாகும். நீங்கள் இரண்டாம் ஆசிரியராக இருந்து பயனில்லை. ஜிமெயில் முகவரி கொடுத்திருந்தாலோ, நிறுவனப் பட்டியலில் பல்கலைக்கழகத்துக்குப் பதில் இணைந்த மருத்துவமனையைத் தேர்ந்திருந்தாலோ கணினி உங்களை அடையாளம் காணாது. பணம் கட்டிவிடாமல் நூலகத்துக்கு பில்லை அனுப்புங்கள். வெளியான பிறகு மாற்றுவது பெரும்பாடு.

கட்டணச் சலுகை வேண்டுவோர் சமர்ப்பிக்கும் முன்னரே கேட்க வேண்டும். சந்தாவும் வாங்கிக்கொண்டு தனிக் கட்டுரைக்கும் கட்டணம் கேட்கும் ஹைப்ரிட் இதழ்களுக்கு ஹொரைசன் யூரோப் பணம் தராது என்பதும் நினைவிருக்கட்டும்.

ரிசர்ச்கேட்டில் போட்டிருக்கிறேன். கணக்கில் சேருமா?

சேராது. அது சமூக வலைத்தளம். உங்கள் நிறுவனக் களஞ்சியம், துறைக் களஞ்சியம், இரண்டும் இல்லாவிட்டால் எல்லாத் துறைக்கும் பொதுவான களஞ்சியமான ஜெனோடோ. இவைதான் கணக்கில் சேரும்.

எங்களுடையது அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.எச். தந்த நிதி. கட்டுரை பப்மெட்டில் வந்துவிட்டது, இனி வேலை இல்லைதானே?

இருக்கிறது. பப்மெட் என்பது மருத்துவக் கட்டுரைச் சுருக்கங்களின் தேடுதளம். அதில் கிடைப்பது பி.எம்.ஐ.டி., சுருக்கத்துக்கான எண். நிபந்தனை கேட்பது பி.எம்.சி.ஐ.டி., முழுக் கட்டுரை பப்மெட் சென்ட்ரலில் இருப்பதற்கான எண். 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கையெழுத்துப்படிகளுக்குப் பழைய 12 மாத அவகாசம் இல்லை. வெளியீட்டு நாளிலேயே திறக்க வேண்டும், பதிவேற்றம் ஏற்பு வந்ததும். பதிவேற்றிய பிறகு ஒப்புதல் கேட்டு வரும் மின்னஞ்சலைக் கவனியுங்கள். பதில் போடாமல் விட்டால் கட்டுரை நடுவழியில் நின்றுவிடும்.

எங்களுடையது கோட்பாட்டு ஆய்வு, தரவே இல்லை. தரவு எங்கே கிடைக்கும் என்று கட்டுரையில் சொல்லும் தரவு அறிக்கை எதற்கு?

யூ.கே.ஆர்.ஐ. நிதி என்றால் தரவு இல்லாவிட்டாலும் எழுதியாக வேண்டும். "இந்த ஆய்வில் புதிய தரவு எதுவும் உருவாக்கப்படவில்லை" என்ற ஒரு வரி போதும். தரவு இருந்தால் "கேட்டால் தரப்படும்" என்று எழுதாமல், களஞ்சியத்தின் பெயரையும் டிஓஐ எண்ணையும் கொடுங்கள். வெளியிட முடியாத தரவு என்றால் காரணத்தைச் சொல்லுங்கள்.

புத்தக அத்தியாயத்துக்கும் இதெல்லாம் உண்டா?

நிதியமைப்பைப் பொறுத்தது. யூ.கே.ஆர்.ஐ.யில் 2024 ஜனவரி 1 முதல் வெளியாகும் நூல்களும் அத்தியாயங்களும் 12 மாதத்துக்குள் திறக்க வேண்டும். பதிப்பாளரோடு ஒப்பந்தம் போடும் முன்பே இந்த நிபந்தனையைச் சொல்லுங்கள். தொகுப்பு நூல் என்றால் தொகுப்பாசிரியரிடமும் சொல்லிவையுங்கள். பல நூல்களில் பதிப்பாளரோடு பேசுபவர் அவர்தான்.