இரண்டு கதவுகளுக்கு நடுவே

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இதே சந்தேகத்தோடு இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். டொராண்டோவுக்குப் படிக்க வந்து மூன்று வாரம் ஆகிறது. ஒரு காபிக் கடைக்குள் நுழையும்போது, முன்னால் போன வயதான அம்மா ஒருவர் உங்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீங்கள் பேசாமல் உள்ளே போய்விட்டீர்கள். பின்னாலிருந்து அவர் "யூ ஆர் வெல்கம்" என்று சத்தமாகச் சொன்னார். "நான் தேங்க்ஸ் சொல்லவே இல்லையே அண்ணா, பிறகு ஏன்? கோபமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, எவ்வளவு தூரத்தில் வருகிறவருக்குக் கதவைப் பிடிக்க வேண்டும், பெண்களுக்குப் பிடித்தால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா, குடியிருக்கும் கட்டடத்தில் "தெரியாதவர்களை உள்ளே விடாதீர்கள்" என்று ஒட்டியிருக்கிறார்களே அங்கே என்ன செய்வது என்றும்.

ஆமாம், கோபம்தான். சின்னக் கோபம். நீங்கள் சொல்லாமல் விட்ட தேங்க்ஸுக்கு அவரே பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உங்கள் நிறத்தையோ ஊரையோ பார்த்துச் சொன்னதாக நினைத்து மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பையன் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அப்படிப் போயிருந்தாலும் அதே குரலில்தான் சொல்லியிருப்பார்.

நான் 2008இல் வந்தேன். முதல் இரண்டு குளிர்காலமும் இதே டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் லாபியில் இரவுக் காவல் வேலை. இரவு 11 மணியிலிருந்து காலை 7 மணி வரை, மேசைக்கு எதிரே இரண்டு கண்ணாடிக் கதவுகள். யார் கதவைப் பிடிக்கிறார்கள், யார் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று அத்தனை இரவுகள் பார்த்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊரில் வாசல் கதவைக் காலையில் திறந்தால் இரவில்தான் சாத்துவோம். கடைகள் பலவற்றுக்குக் கதவே கிடையாது. ஷட்டரைத் தூக்கிவிட்டால் தெருவும் கடையும் ஒன்றுதான். இங்கே கதவு எந்நேரமும் மூடியிருக்கும், திறந்தாலும் தானே மூடிக்கொள்ளும். மேலே பாருங்கள், இரும்புக் கை ஒன்று மடங்கி இருக்கும். அதனோடு சேர்ந்த பெட்டிக்குள் ஸ்பிரிங்கும் எண்ணெயும். நீங்கள் கையை எடுத்ததும் அது தன் வேலையைப் பார்க்கும். பின்னால் வருவது கைக்குழந்தையா, கைத்தடியா என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர் முன்னால் போகிறவர்.

குளிர்காலம் வரட்டும், இன்னும் நன்றாகப் புரியும். உயரமான கட்டடங்களில் சூடான காற்று மேலே ஏறிக்கொண்டே இருப்பதால், கீழ்த்தளம் வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சும். வெளிப்பக்கம் திறக்கிற கதவை அந்தக் காற்று நிலையோடு சேர்த்து அழுத்தும். வெளியே நின்று இழுத்தால் உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல இருக்கும். சப்வே நிலையக் கதவுகளிலும் சில சமயம் இந்தத் தொல்லை உண்டு. அங்கே சுரங்கத்துக்குள் ரயில் தள்ளிக்கொண்டு வரும் காற்று. அமெரிக்காவில் பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த தியோஃபிலஸ் வான் கேனல் 1888இல் சுழல் கதவுக்குக் காப்புரிமை வாங்கியபோது அதைப் புயல் கதவு என்றுதான் குறிப்பிட்டார். காற்றும் பனியும் உள்ளே புகாமல் ஆள் மட்டும் புகுவதற்கான வழி அது. உங்களுக்காக நின்ற அந்த அம்மாவின் தோள் காபிக் கடைக் கதவின் எடையைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கோபம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

நம்மிடம் நன்றி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டில் அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால் யாராவது நன்றி சொல்வோமா? சொன்னால் அம்மாவுக்கே வருத்தமாக இருக்கும், என்னடா வேற்றாள் மாதிரி பேசுகிறாய் என்பார். நாம் முகத்தால் சொல்வோம், லேசாகத் தலையை ஆட்டுவோம், அடுத்த முறை அவருக்கு ஒன்று செய்வோம். தெரிந்தவர்களுக்குள் அது போதும். இங்கே கதவைப் பிடித்த அந்த அம்மாவை நீங்கள் மறுபடி பார்க்கப்போவதே இல்லை. அடுத்த முறை என்று ஒன்று கிடையாது. அதனால் கணக்கை அந்த இரண்டு நொடிக்குள்ளேயே தீர்த்துவிட வேண்டியிருக்கிறது. நம் தலையாட்டலும் இங்கே பலருக்குப் புரியாது. "தேங்க்ஸ்" என்று வாயைத் திறந்து, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பனியில் மஃப்ளர் வாயை மூடியிருந்தால் கையை லேசாக உயர்த்தினாலும் போதும்.

எனக்கு இது உறைக்க வேறொரு காரணமும் உண்டு. நான் கும்பகோணத்துப் பக்கம். கல்யாணத்துக்குப் புடவை எடுக்க சென்னைக்கு, தி. நகருக்குப் போவோம். பெரிய ஏசி கடைகளில் சீருடை போட்ட ஒருவர் கதவைத் திறந்து சலாம் வைப்பார். நாங்கள் எட்டுப் பத்துப் பேர் பேசிக்கொண்டே உள்ளே போவோம். அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கதவைத் திறப்பது சம்பளத்துக்குச் செய்கிற வேலை, அதைச் செய்கிறவரைப் பார்க்க வேண்டியதில்லை என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே படித்திருந்தோம். பிறகு இங்கே வந்து நானே கதவுக்கு எதிரே உட்கார்ந்தேன். முதல் வாரமே, ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் வந்த ஒரு நர்ஸ் மேசைப் பக்கம் திரும்பி, என் சட்டையிலிருந்த பெயரைப் படித்து, தப்பாக உச்சரித்து, "குட் நைட்" சொன்னார். அடுத்த நாள் சரியாக உச்சரிப்பது எப்படி என்று கேட்டார். அன்று இரவு முழுக்க எனக்கு அந்தப் புடவைக் கடை வாசல்தான் நினைவில் இருந்தது.

சரி, உங்கள் தூரக் கேள்விக்கு வருகிறேன். இத்தனை அடி என்று சட்டம் எதுவும் இல்லை. கதவைத் தொடும்போது ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். நான்கைந்து எட்டு வைக்கும் தூரத்துக்குள் ஒருவர் வந்தால் பிடியுங்கள். அதற்கும் அப்பால் வருகிறவருக்காக நின்றீர்கள் என்றால், உங்களைக் காக்க வைக்கக் கூடாதே என்று அவர் ஓடி வருவார். வாகனம் நிறுத்துமிடத்தின் பாதியில் ஒருவர், கையில் இரண்டு பை, தரையெல்லாம் உறைபனி. நாம் கதவைப் பிடித்ததால் அவர் வழுக்கி விழுந்தால் என்ன ஆவது? குழந்தையை ஸ்ட்ரோலர் வண்டியில் வைத்துத் தள்ளுகிறவர், வாக்கரோடு நடக்கிறவர், பெட்டியைச் சுமந்து வருகிறவர், இவர்களுக்கு மட்டும் தூரக் கணக்குப் பார்க்காமல் நில்லுங்கள். ஆனால் "டேக் யுவர் டைம்" என்று சொல்லிவிடுங்கள், அவசரப்பட மாட்டார்கள். சக்கர நாற்காலிப் படம் போட்ட பொத்தான் பக்கத்தில் இருந்தால் அதை அழுத்தினால் போதும், கதவு தானே திறந்து கொஞ்சம் நேரம் நிற்கும். 2025க்குள் மாற்றுத்திறனாளிகளுக்குத் தடையில்லாத மாகாணமாக வேண்டும் என்று ஒன்டாரியோ 2005இலேயே சட்டம் போட்டது. அப்படியும் எல்லா வாசலிலும் பொத்தான் வந்துவிடவில்லை. சக்கர நாற்காலியை மட்டும் கேட்காமல் தொடாதீர்கள். அது அவர் உடம்பு மாதிரி.

இழுக்கும் கதவா, தள்ளும் கதவா என்பதையும் பாருங்கள். இழுத்துத் திறந்தால் நீங்கள் வெளியே ஒதுங்கி நின்று, வருகிறவரை முதலில் அனுப்புங்கள். தள்ளித் திறந்தால் நீங்கள் முதலில் போய் மறுபக்கத்திலிருந்து பிடிக்க வேண்டும். வாசலிலேயே நின்றுகொண்டு கையை நீட்டிப் பிடித்தால் உங்கள் அக்குளுக்குக் கீழே குனிந்து போக வேண்டிவரும். பெண்களுக்குச் சங்கடம் வருவது பெரும்பாலும் இங்கேதான். பெண் என்பதற்காகப் பிடிக்காதீர்கள், பின்னால் வருகிறவர் என்பதற்காகப் பிடியுங்கள். ஆண் வந்தாலும் அதே மாதிரி. முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். அதைச் சாக்காக வைத்துப் பேச்சுக் கொடுக்காதீர்கள். சிலர் "ஐ ஹாவ் காட் இட்", நானே பார்த்துக்கொள்கிறேன் என்பார்கள், விட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்த இரட்டைக் கதவு. இங்கே கட்டடங்களில் வெளிக்கதவு ஒன்று, ஐந்தாறு அடி தள்ளி உள்கதவு ஒன்று. நடுவே ஒரு சின்ன இடம். வெஸ்டிபியூல் என்பார்கள். குளிர் நேராக உள்ளே வராமல் இருக்கச் செய்த ஏற்பாடு. எங்கள் தஞ்சாவூர்ப் பக்க வீடுகளில் திண்ணைக்கும் கூடத்துக்கும் நடுவே இருக்கிற ரேழி மாதிரியேதான். ஒருவர் உங்களுக்கு முதல் கதவைப் பிடித்தால், நீங்கள்தான் இரண்டாவது கதவை முதலில் எட்டுவீர்கள். அதை நீங்கள் அவருக்குப் பிடிக்க வேண்டும். ஐந்தடிக்குள் கடன் வாங்கி, ஐந்தடிக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

ரேழிக்குப் பழைய பெயர் இடைகழி. திருக்கோவலூரில் மழை இரவில் முதலாழ்வார் மூவர் ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கிய இடம் அது. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று ஒருவருக்கொருவர் இடம் கொடுத்த கதையை எங்கள் பாட்டி சொல்லுவார். 2009 பிப்ரவரியில் ஓர் அதிகாலை, மைனஸ் 20க்குப் பக்கம், பஸ் வரவில்லை. எங்கள் கட்டட வெஸ்டிபியூலில் முதலில் செய்தித்தாள் போடும் பெரியவர் நின்றார். பிறகு பேக்கரி வேலைக்குப் போகும் பெண் வந்தார். பெரியவர் தன் தள்ளுவண்டியைச் சுவரோடு ஒட்டிவைத்து இடம் விட்டார். வேலை முடிந்து நானும் போய் நின்றேன். அந்தப் பெண் முதுகுப் பையைக் கழற்றிக் காலடியில் வைத்துக்கொண்டார். ஒருவருக்கொருவர் பெயர் தெரியாது. மூன்று பேரின் மூச்சும் கண்ணாடியில் படிந்து தெரு மறைந்துவிட்டது. பெரியவர் கையுறையால் ஒரு வட்டம் துடைத்துப் பஸ் வருகிறதா என்று எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் விளக்குத் தெரிந்ததும் அவர்தான் கதவைத் தள்ளிப் பிடித்தார். இந்த நாட்டில் நான் தனியாள் இல்லை என்று முதல் முதலாகத் தோன்றியது அங்கேதான்.

குடியிருப்புக் கதவு மட்டும் வேறு கணக்கு. அங்கே பூட்டு இருப்பதே தெரியாதவர் வரக்கூடாது என்பதற்காக. நான் வேலை பார்த்த கட்டடத்தில் யாரோ ஒருவர் தாட்சண்யத்துக்காக ஓர் ஆளை உள்ளே விட, மறுநாள் லாபியில் இருந்த மூன்று பார்சல் காணோம். நீங்கள் ஃபாப் என்கிற மின்னணுச் சாவியை வைத்துத் திறக்கும்போது பின்னாலேயே ஒருவர் வந்தால், "சாரி, பஸ்ஸர் அடிக்கிறீர்களா?" என்று மெதுவாகச் சொல்லுங்கள். உண்மையில் வேலையாக வந்தவர் கோபிக்க மாட்டார். தினமும் பார்க்கிற பாட்டி காய்கறி வண்டியோடு நின்றால் சாவியைத் தேட விடாதீர்கள், பிடியுங்கள். நீங்களே ஃபாப் மறந்துபோய், யாரும் உள்ளே விடவில்லை என்றாலும் வருத்தப்படாதீர்கள்.

இந்த "சாரி" பற்றியும் ஒரு வார்த்தை. வாசலில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக வந்தால் இருவருமே சாரி சொல்வார்கள். தப்புச் செய்தேன் என்று பொருள் இல்லை, உங்களைப் பார்த்துவிட்டேன் என்று பொருள். மன்னிப்புக் கேட்டதையே தவறை ஒப்புக்கொண்டதாக சிவில் வழக்குகளில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒன்டாரியோவில் 2009இல் தனிச் சட்டமே வந்தது. தாராளமாகச் சொல்லுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

மற்றவை நீங்களே பார்த்துப் பழகிவிடுவீர்கள். ரயிலில் இறங்குகிறவருக்கு முதலில் வழி விட வேண்டும், எலிவேட்டரில் ஓடி வருகிறவருக்குப் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும், பஸ்ஸில் இறங்கும்போது ஓட்டுநருக்கு ஒரு தேங்க்ஸ். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவது இங்கேயும் வழக்கம்தான், அது நமக்குப் புதிதில்லை.

2019இல் தங்கை மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க மறுபடி தி. நகர் போனோம். கதவைத் திறந்தவருக்கு அறுபது வயது இருக்கும். தேங்க்ஸ் என்று சொல்ல வாயெடுத்தேன், அந்த வாசலில் அது ஒட்டவில்லை. "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டேன். கதவைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். "இன்னும் இல்ல தம்பி, மூணு மணிக்குத்தான் ஆள் மாத்துவாங்க. நீங்க உள்ள போங்க, ஏசி வெளிய போவுது பாருங்க" என்றார்.