பழைய இராணுவ லேண்ட் ரோவர்களில் பின் ஆக்ஸில் ஷாஃப்ட் மட்டும் அடிக்கடி முறிவது ஏன்?

சீரீஸ் வகை எனப்படும் இந்தப் பழைய வண்டிகளில் நடு டிஃபரன்ஷியல் (முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) கிடையாது. சாதாரண ஓட்டத்தில் முழு இழுவிசையும் பின் சக்கரங்களுக்கே போகிறது. நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டாலும், மேட்டில் ஏறும்போது எடை பின்னால் சாய்வதால் பெரும்பகுதிச் சுமை மீண்டும் பின் ஆக்ஸிலின் மீதே விழுகிறது. சேற்றில் வெறுமனே சுழன்றுகொண்டிருந்த ஒரு சக்கரம் திடீரெனப் பிடிமானம் பெறும் அந்த நொடியில்தான் வழக்கமான ரோவர் ஆக்ஸிலின் 10 பல் கொண்ட மெல்லிய ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) பெரும்பாலும் முறிகிறது. முன், பின் சக்கரங்களுக்கு இடையே 109 அங்குலம் உள்ள நீள வண்டிகளில் பின்னர் பொருத்தப்பட்ட சாலிஸ்பரி ஆக்ஸில் கனமானது, கூடுதல் பற்கள் கொண்டது. பாரம் ஏற்றுபவருக்கு அதுவே என் தேர்வு.

ஷாஃப்டைக் கழற்றிப் பாருங்கள்: பற்கள் நேர்கோட்டில் இல்லாமல் லேசாக முறுகியிருந்தால், முறியும்வரை காத்திராமல் மாற்றிவிடுங்கள். முறிந்துவிட்டால், துண்டுகள் பின் ஆக்ஸிலில் உள்ள டிஃபரன்ஷியலுக்குள் விழுந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். சக்கரத்தைத் தாங்குவது ஷாஃப்ட் அல்ல, ஹப் (சக்கரம் பொருத்தப்படும் நடுப்பகுதி) என்பதால், முன் சக்கர இயக்கத்தைக் கொண்டு மெதுவாக வீடு சேரலாம்.

தேய்மானத்தை அறிய, ஒரு பின் சக்கரத்தைத் தூக்கி, கையால் முன்னும் பின்னும் அசைத்து ஆட்டத்தைக் கவனிக்கலாம். ஆனால் இவ்வண்டிகளின் கைபிரேக் சக்கரத்தை அல்ல, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டையே பிடிக்கிறது. ஒரு சக்கரம் தரையை விட்டெழுந்தால் வண்டி உருளக்கூடும். மற்றச் சக்கரங்களுக்கு அண்டைக்கட்டை கொடுக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள்.